கட்டார் பாலைவனத்தில குவாட் பைக்: மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிஞ்சால் காணுமோ?

நெடுங்கேணி_ஊரான்

டிசம்பர்க் கடைசியில டோகா போறம். அக்கா, அத்தான், அவையின்ர 13 வயசு மகன், நான். மெசையீத்துக்கு அங்கால சீலைன் மணல்மேட்டில வழிகாட்டியோட ஒரு மணித்தியாலம் நாலு சில்லுக் குவாட் பைக் ஓடலாம் எண்டு போட்டிருக்கு. பெரியாக்கள் மூண்டு பேருக்கும் மோட்டார் சைக்கிள் நல்லாப் பழக்கம். குளக்கட்டு, காட்டு ரோட்டு, மணல் ஒழுங்கை எல்லாம் ஓடியிருக்கிறம். அது காணுமோ? கியர் உள்ளது எடுக்கிறதோ, ஓட்டோமற்றிக் எடுக்கிறதோ? மகனுக்கும் ஒண்டு எடுக்கலாமோ? போற இடத்தில என்ன கேக்க வேணும், என்ன பாக்க வேணும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பரந்தன்_கராச்

தம்பி, மோட்டார் சைக்கிள் நல்லா ஓடுற ஆக்கள்தான் குவாட்டில முதல் அரை மணித்தியாலம் கூடக் கவனமா இருக்க வேணும். கைகால் பழகின வேலையைத் தானாச் செய்துபோடும். அதில நாலு வேலை குவாட்டில பிழையான வேலை.

முதல் கால். மணலில வண்டி சரியேக்க நாங்கள் காலை நிலத்தில ஊண்டிப் பழகிட்டம். குவாட்டில பாதம் இருக்கிற இடத்துக்கு நேர பின்னால பின் ரயர் சுத்திக்கொண்டு நிக்கும். ஊண்டின காலை மணல் பிடிச்சு வைச்சிருக்கும், வண்டி முன்னுக்குப் போகும், ரயர் குதிக்காலில ஏறிக் கெண்டைக்காலை இழுத்துக்கொண்டு போகும். கணுக்கால் முறியிறது இப்பிடித்தான். சரிஞ்சாலும் திரும்பினாலும் இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்ட்டில இருக்க வேணும். சில வண்டியில ஃபுட்ரெஸ்ட்டுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையில தடிச்ச நைலோன் வலை இழுத்துக் கட்டியிருக்கும். கால் வழுக்கினாலும் ரயருக்குள்ள போகாமல் தடுக்கிறது அதுதான். வலை உள்ள வண்டியைக் கேளுங்கோ. வலை கிழிஞ்சு தொங்கினால் வேற வண்டி கேளுங்கோ.

இரண்டாவது அக்சிலரேற்றர். முறுக்கிற பிடி இல்லை. வலக்கைப் பிடிக்குக் கீழ சின்ன நெம்பு ஒண்டு இருக்கும், அதைப் பெருவிரலால தள்ள வேணும். பள்ளத்தில இடிபட்டு உடம்பு முன்னுக்குப் போகேக்க ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பம், அந்த நேரம் பெருவிரலும் சேர்ந்து அழுத்துப்படும். வண்டி பாயும், பாய்ஞ்ச பயத்தில இன்னும் இறுக்குவம். அதால நாலு விரலும் பிடியைச் சுத்தி இறுக்கமா இருக்கட்டும், பெருவிரல் மட்டும் தனியா, மெதுவா. ஏதாவது குழம்பினால் பெருவிரலைத் தூக்குங்கோ, அவ்வளவுதான். நெம்பு சரியெண்டால் எஞ்சின் உடனை அடங்கும்.

மூண்டாவது பிரேக். வலக்கை முன் பிரேக், அதில மாற்றம் இல்லை. இடக்கையில இருக்கிறது வண்டியைப் பொறுத்தது. கியர் வண்டியில அது கிளச். ஓட்டோமற்றிக்கில பின் பிரேக். ஸ்கூட்டி ஓடுற ஆக்களுக்கு ஓட்டோமற்றிக் லேசு. கியர் பைக் ஓடுற ஆக்கள் கிளச் எண்டு நினைச்சு இடக்கையை முழுசா நெரிச்சுப் பின் சில்லைப் பூட்டிப்போடுவினம்.

நாலாவதுதான் பெரிசு, திரும்புறது. மோட்டார் சைக்கிள் வளைவில தானாச் சரியும். குவாட் சரியாது, நிலத்தோட மட்டமா நிக்கும். விளையாட்டு ரகக் குவாட்டுகளில பின் இரண்டு சில்லும் ஒரே அக்சிலில இறுக்கியிருக்கும், டிஃபரென்சியல் இல்லை. வளைவில உள்சில்லும் வெளிச்சில்லும் ஒரே சுற்றுத்தான் சுத்தும். அதால ஹாண்டிலை வெட்டினாலும் வண்டி நேராத் தள்ளிக்கொண்டு போகப் பாக்கும். பயந்து இன்னும் வெட்டினால் வேகத்தில வெளிப்பக்கம் பிரளும். செய்யவேண்டியது: வளைவுக்கு முன்னமே பெருவிரலைத் தளர்த்தி வேகத்தைக் குறையுங்கோ. இடுப்பைச் சீற்றில உள்பக்கம் நகர்த்தி, மேலுடம்பை உள்பக்கம் சாய்ச்சு, பாரத்தை வெளிப்பக்கக் காலில குடுங்கோ. உள்சில்லு லேசாகி வழுக்கும், வண்டி சுழண்டு வரும். வளைஞ்சு முடியுமட்டும் ஒரே அளவா அக்சிலரேற்றர். வளைவின்ர நடுவில சடக்கெண்டு விடவும் கூடாது, சடக்கெண்டு அழுத்தவும் கூடாது.

மட்டமான மணலில இடப்பக்கம் அஞ்சு வட்டம், வலப்பக்கம் அஞ்சு வட்டம் அடிச்சுப் பாருங்கோ. விளங்கும்.

டோகா_வன்னியான்

பரந்தன் அண்ணை சொன்ன வட்டம் அடிக்கிற பயிற்சியைத் தராமல் நேர மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போற வழிகாட்டியோட போகாதேங்கோ. ஆளைத் தெரிஞ்செடுக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஹெல்மெட்டைக் கையில தந்திட்டு "வாங்கோ பின்னால" எண்டுறவர் மேட்டிலயும் திரும்பிப் பாக்கமாட்டார்.

சீலைனைப் பற்றி. டோகாவில இருந்து தெற்க மெசையீத் 40 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, மணல்மேடு அதுக்கும் அங்கால கடலோட ஒட்டி இருக்கு. இன்னும் தெற்க போனால் கோர் அல் உதெய்து, உள்நாட்டுக் கடல் எண்டு சொல்லுறது. 2007 இல இயற்கை ஒதுக்கிடமாக்கினவை. ஒரு மணித்தியாலக் குவாட் பயணத்தில அங்க போய்வர ஏலாது. போகலாம் எண்டு ஆராவது சொன்னால் நம்பவேண்டாம். அது ஜீப்பில போற தூரம்.

அங்க மற்றக் குவாட்டை விட ஆபத்து ஜீப். அதே மேட்டில லாண்ட் குரூசர்கள் மறுபக்கத்தால பாய்ஞ்சு ஏறும், முகட்டில நிக்கிற குவாட் அவைக்குத் தெரியாது. அதுக்குத்தான் பின்னால நீளமான தடியில கொடி கட்டுறது. கொடி இல்லாத வண்டி வேண்டாம். வெள்ளி, சனி அங்க விடுமுறை, மேடு முழுக்க வாகனம் நிக்கும். கிழமை நாளில காலமை போங்கோ. காலமை பனியில மேல்மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், வண்டியும் தாழாது.

வெளிச்சமும் பாக்க வேணும். உச்சி வெயிலில மணலில நிழல் குறைவு, எல்லாம் ஒரே மஞ்சள் பரப்பாத் தெரியும், அஞ்சு மீற்றர் முன்னால மேடு வெட்டி விட்ட மாதிரி முடியிறது கண்ணுக்குப் பிடிபடாது. காலமையும் பின்னேரமும் நிழல் நீளமா விழும், விளிம்பு கோடு போலத் தெரியும். டிசம்பரில டோகாவில பின்னேரம் அஞ்சு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்திடும். நாலு மணிக்குத் தொடங்கிற பயணத்தை எடுத்தால் கடைசி இருவது நிமிசம் மங்கலுக்குள்ளதான் ஓடுவீங்கள்.

குமுழமுனை_86

கியர் உள்ளதை எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். இறக்கத்தில எஞ்சினே பிடிக்கும், பிரேக்கில தொங்கத் தேவையில்லை. ஓட்டோமற்றிக் மேட்டில ஏறாது, சில்லை இழுக்கிற றப்பர் பெல்ற் எரிஞ்ச மணம் வரும்.

பரந்தன்_கராச்

குமுழமுனை சொல்லுறதில பாதி சரி. சில ஓட்டோமற்றிக்கில பெருவிரலை எடுத்தோடன பெல்ற் பிடி விட்டு இறக்கத்தில வண்டி சும்மா உருளும். யமஹா கிறிஸ்லி மாதிரி நல்ல வண்டியில எஞ்சின் பிடிக்கும். பெல்ற் எரியிறது ஓடுறவரின்ர பிழை. எச் (வேகத்துக்கு), எல் (மெதுவா, இழுவைக்கு) எண்டு இரண்டு நிலை இருக்கும். தாழ்ந்த மணலிலயும் ஏற்றத்திலயும் எல்லில போட வேணும். எச்சில விட்டுப் பெருவிரலை முழுசா அழுத்தினால் வண்டி நகராது, பெல்ற் புல்லியில உரசிச் சூடாகும். றப்பர் எரிஞ்ச மணம் வந்தால் நிப்பாட்டி, வழிகாட்டியைக் கூப்பிட்டு, எல்லுக்கு மாத்துங்கோ.

ஆனால் முதல்தரம் போற ஆளுக்குக் கியர் வண்டி வேண்டாம் எண்டுறதுக்குக் காரணம் வேற. வாடகைக்கு நிக்கிற கியர் வண்டி கனக்க யமஹா ராப்டர் 700. 686 சிசி, பெற்றோலும் எண்ணெயும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ. மோட்டார் சைக்கிளில 125, 150 சிசி ஓடிப் பழகின பெருவிரல் அதில கொஞ்சம் அழுத்தினாலே முன் சில்லு இரண்டும் எழும்பும். இன்னொண்டு, ஏற்றத்தின்ர நடுவில கியர் மாத்தக் கிளச்சைப் பிடிச்ச அந்த அரைச் செக்கனில மணல் வண்டியை நிப்பாட்டிப்போடும். ஏற்றத்தில நிண்ட வண்டிதான் பின்னுக்குப் பிரளுறது. கியர் வேணுமெண்டே நிண்டால் ஹொண்டா டிஆர்எக்ஸ் 250எக்ஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ. காலால கியர் மாத்தலாம், கிளச் பிடிக்கத் தேவையில்லை. சுப்பர் கப் ஓடின ஆக்களுக்கு அந்த முறை தெரியும்.

பெருவிரல் நெம்பின்ர கூட்டில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதை உள்ள திருகினால் நெம்பு முழுசாப் போகாது, வேகம் கட்டுப்படும். வெட்கப்படாமல் அதைத் திருகித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

குமுழமுனை_86

ஏற்றத்தில கியர் மாத்திற விசயம் சரி அண்ணை. மேட்டுக்கு முதலே இரண்டில போட்டு அப்பிடியே ஏறலாம் எண்டு நினைச்சுத்தான் சொன்னன். முதல்தரம் போற ஆளுக்கு அது பிடிபடாதுதான்.

நெடுங்கேணி_ஊரான்

நன்றி அண்ணை. அப்ப மூண்டு பேருக்கும் ஓட்டோமற்றிக். மகனை அத்தானுக்குப் பின்னால இருத்தலாமோ? சில இடத்தில 50 சிசி, 90 சிசி பிள்ளையளின்ர வண்டியும் இருக்காம்.

டோகா_வன்னியான்

பின்னால இருத்தாதேங்கோ. ஒரு ஆளுக்கெண்டு செய்த குவாட்டின்ர மட்கார்டில பயணி ஏறக்கூடாது எண்டு ஸ்ரிக்கரே ஒட்டியிருக்கும். சீற் நீளமா இருக்கிறது ஓடுறவர் முன்னும் பின்னும் அசையத்தான். பின்னால ஒருத்தர் இருந்தால் ஓடுறவருக்கு அசைய இடமில்லை, ஏற்றத்தில பாரம் முழுக்கப் பின் அக்சிலுக்குப் பின்னால போகும். பெரியாக்களின்ர குவாட் ஓட 16 வயசு எண்டுதான் கொம்பனிகளே எழுதியிருக்கு. 13 வயசுக்காரன் உயரமா இருந்தாலும் வண்டியை உடம்பால சாய்ச்சுத் திருப்பிற பாரம் அவனுக்கு இல்லை.

பிள்ளையளின்ர சின்ன வண்டி, வேலி அடைச்ச மட்டமான இடத்தில எண்டால் சரி. பெரியாக்கள் போற மேட்டுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

அவனுக்கும் மேட்டைக் காட்ட வேணுமெண்டால் பக்கத்துப் பக்கத்தில இருந்து போற பகி எடுங்கோ. போலாரிஸ் ஆர்இஸட்ஆர், கான் ஆம் மாவெரிக் மாதிரி. ஸ்ரியரிங், சீற் பெல்ற், மேல இரும்புக் கூடு எல்லாம் இருக்கும். சீற்றில முதுகு சாய்ச்சு இருக்கேக்க பாதம் இரண்டும் தட்டில முட்ட வேணும், பிடிக்கிற கம்பி எட்ட வேணும். இரண்டும் சரியெண்டால் இருத்தலாம். பகி சரியேக்க கையை வெளிய நீட்டித் தாங்கப் பாக்கிறதுதான் பிள்ளையள் செய்யிற வேலை. கூட்டுக்குக் கீழ கை நசியும். பக்கத்து வலை பூட்டியிருக்கோ எண்டு பாத்து, "சரிஞ்சால் கை நெஞ்சோட" எண்டு இரண்டு மூண்டு தரம் சொல்லி ஏத்துங்கோ.

வவுனியா_தாதி

உடலோடு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஹெல்மெட்: முகம் முழுவதும் மூடும் வகை. பின்பக்கம் ஈசிஈ 22.05, 22.06 அல்லது டிஓடி பாதுகாப்புத் தர முத்திரை இருக்க வேண்டும். நாடிப்பட்டியைப் பூட்டியபின் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டும்போது நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. தனியாகச் சுழன்றால் பெரிது. உள்ளே அணிய மெல்லிய பருத்தித் தலையுறை ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள், பலர் போட்ட ஹெல்மெட் அது. கண்ணாடி, நுரை விளிம்புள்ள கொகிள்ஸ். வெறும் வெயில் கண்ணாடிக்குள் மணல் புகும். மணல் புகுந்த கண்ணைத் தேய்க்காமல் போத்தல் தண்ணீரால் கழுவுங்கள்.

கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் களிசான், நீளக்கைச் சட்டை, கையுறை. செருப்போடு ஏறவே வேண்டாம். சைலன்சர் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டிசம்பரில் பகல் வெப்பம் தாங்கக்கூடியது. ஆனால் ஓடும்போது படும் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழப்பது தெரியாது. ஏற முன் அரை லீற்றர், நடுவில் நிற்கும் இடத்தில் அரை லீற்றர். மே முதல் செப்ரெம்பர் வரை அங்கே வெயில் 40 பாகை தாண்டும். அந்த மாதங்களில் இந்தப் பயணத்தை யாருக்கும் சொல்லமாட்டேன்.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டுத் தட்டு விலகியவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஏறக்கூடாது.

எங்கள் பகுதியில் இதையும் சொல்லியாக வேண்டும். உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் பலர். தசைக்குள் பழைய துண்டு வேறு, முதுகெலும்பு, கழுத்து, பெரிய இரத்தக்குழாய் அருகில் இருக்கும் துண்டு வேறு. இரண்டாவது வகையானால் எக்ஸ்ரேயோடு வைத்தியரிடம் கேட்காமல் இந்தக் குலுக்கலுக்குள் போக வேண்டாம். முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால் உள்ளவர்களால் ஓட்டோமற்றிக் குவாட் ஓட்ட முடியும். கியர் மாற்றுவது இடக்காலால் என்பதால் கியர் வண்டி பொருந்தாது. செயற்கைப் பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் இருந்து வழுக்கினால் உணர்வு தெரியாது. ஆகவே பரந்தன் அண்ணை சொன்ன அந்த வலை அவர்களுக்குக் கட்டாயம். பாதத்தைக் கயிற்றால் கட்டிவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். வண்டி பிரளும்போது ஆள் விலகி விழ வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால்: முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி மேலே கிடந்தால் எல்லோரும் சேர்ந்து தூக்குங்கள், இழுக்க வேண்டாம். நெஞ்சின்மேல் வண்டி அழுத்திக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும், அதுதான் முதல் அவசரம். கழுத்து வலி, கைகால் விறைப்பு என்றால் மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கட்டாரில் அவசர இலக்கம் 999.

முள்ளியவளை_மகள்

தாதி அக்கா, சல்வார், சோல் போட்டுக்கொண்டு ஓடலாமோ? அங்க கனபேர் தலையில துணி சுத்திக்கொண்டு ஓடுற படம் பாத்தன். தலைமயிரையும் என்ன செய்யிறது?

பரந்தன்_கராச்

தங்கச்சி, இது கராச்சில நிக்கிற ஆள் சொல்லவேண்டிய விசயம். பல குவாட்டில சீற்றுக்குப் பின்னால, கீழ, செயின் திறந்தபடி ஓடும், பின் அக்சில் திறந்தபடி சுத்தும். மோட்டார் சைக்கிளில இருக்கிற செயின் மூடி பலதில இல்லை. காத்தில பின்னுக்குப் பறக்கிற சோலின்ர நுனி அக்சிலில ஒருக்காப் பிடிபட்டால் போதும், கழுத்தை இழுத்துக்கொண்டுதான் நிக்கும். படத்தில பாக்கிறவை துணியை இறுக்கச் சுத்தி, நுனியைச் சேட்டுக்குள்ள செருகியிருப்பினம். நீங்கள் சோலைக் கழட்டி ஜீப்பிலயே வைச்சிடுங்கோ. தலையை மூடவேணுமெண்டால் தாதி சொன்ன பருத்தித் தலையுறை காணும். சல்வாரின்ர கீழ்ப்பக்கம் அகலமெண்டால் சொக்ஸுக்குள்ள செருகுங்கோ, மேல்சட்டையின்ர வெட்டு நுனியை இடுப்பில முடிஞ்சுவிடுங்கோ. பின்னல் போட்டுச் சட்டைக்குள்ள விடுங்கோ. அபாயா, சாறம், சேலை எதோடயும் ஏறக்கூடாது. தோளில தொங்கிற பையும் அப்பிடித்தான்.

மாங்குளம்_சந்தி

மணலுக்கு ரயர்க் காத்தைக் குறைக்கிறதுதானே முறை. ஜீப்பெல்லாம் 15க்கு இறக்கினம். குவாட்டிலயும் ஒரு பிஎஸ்ஐ, இரண்டு பிஎஸ்ஐ எண்டு இறக்கச் சொல்லிக் கேக்கலாமோ?

பரந்தன்_கராச்

கேக்காதேங்கோ. ஜீப் ரோட்டில 35 இல ஓடி மணலுக்கு 15க்கு இறக்குது. குவாட் ரயர் பிறந்ததே 4, 5 பிஎஸ்ஐயில ஓட. அதுக்குக் கீழ போனால் மேட்டின்ர சரிவில பக்கப்பாரம் வரேக்க ரயரின்ர உள்விளிம்பு றிம்மை விட்டுக் கழரும். கழர்ந்தால் அந்த இடத்திலயே வண்டி பிரளும். பிரளாட்டிலும் பம்ப் இல்லாமல் திருப்பிப் பிடிக்காது.

மோட்டார் சைக்கிள் கேஜ் இதுக்கு உதவாது. அதின்ர ஊசி 5க்குக் கீழ நம்பேலாது. குறைஞ்ச அமுக்கத்துக்கெண்டு தனி கேஜ் இருக்கு. நீங்கள் பாக்கவேண்டியது பின் இரண்டு ரயரும் சமனோ எண்டு. ஒரே அக்சில் எண்டபடியால் ஒண்டில காத்துக் குறைஞ்சால் அந்தச் சில்லின்ர சுற்றளவு குறையும், வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். மட்டமான இடத்தில மெதுவா ஓடேக்க ஹாண்டிலைத் தளர்வாப் பிடிச்சுப் பாருங்கோ. இழுத்தால் உடனை சொல்லுங்கோ.

ஏற முன்னம் இன்னும் பாக்க இருக்கு. எஞ்சின் நிண்டபடி ஹாண்டிலை இடப்பக்கம் முழுசா வெட்டிப் பெருவிரல் நெம்பை அழுத்தி விடுங்கோ, டக்கெண்டு திரும்பி வர வேணும். நடுவிலயும் வலப்பக்கமும் அதே மாதிரி. கேபிளுக்குள்ள மணல் போயிருந்தால் ஒரு பக்கத்தில மட்டும் ஒட்டும், அப்பிடி ஒட்டுறது ஓடேக்கதான் தெரியவரும். முன் சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, கடக் கடக் எண்டால் பெயரிங்கோ போல் ஜொயின்டோ போயிட்டுது. செயின் ஒண்டு, ஒண்டரை இஞ்சிக்கு மேல தொங்கக் கூடாது. இடக்கைப் பக்கம் சிவப்புச் சுவிச்சை ஸ்ராட்டில வைச்சே ஓஃப் பண்ணிப் பாருங்கோ. மணிக்கட்டில மாட்டுற சிவப்புக் கயிறு இருந்தால் அதையும் இழுத்துப் பாருங்கோ. நீங்கள் விழேக்க எஞ்சினை நிப்பாட்டுறது அந்தக் கயிறுதான்.

டோகா_வன்னியான்

மேடு ஏறி இறங்கிறதைச் சொல்லுறன், இதை எல்லாரும் வாசியுங்கோ.

கட்டாரில காத்து வடமேற்கால அடிக்கும், ஷமால் எண்டு சொல்லுவினம். அதால மேட்டின்ர வடமேற்குப் பக்கம் மெல்லிய சரிவு, இறுக்கமான மணல். தென்கிழக்குப் பக்கம் மணல் தானாச் சரிஞ்சு விழுந்து கிடக்கிற செங்குத்து, 32, 34 பாகை இருக்கும், பொதுபொதுவெண்டு தாழும். ஏறுறது வடமேற்கால. முகட்டுக்கு முன்னால வேகத்தைக் குறைச்சு, முகட்டோட சேர்த்து வண்டியைக் கொஞ்சம் சரிவா நிப்பாட்டி, மறுபக்கம் பாத்து, வழிகாட்டி கை காட்டினாப் பிறகுதான் இறங்கிறது. முகட்டைப் பாய்ஞ்சு கடக்கிற ஆக்கள்தான் கழுத்தை முறிக்கிறவை.

ஏறேக்க: எல்லில போட்டு, கீழயே வேகம் எடுத்து, சீற்றில முன்னுக்கு வந்து, நெஞ்சை ஹாண்டிலுக்கு மேல கொண்டுபோங்கோ. பாதிவழியில வேகம் செத்தால் இன்னும் அழுத்தாதேங்கோ, சில்லுத் தோண்டும். வண்டி நிக்க முன்னமே இடம் அகலமா இருந்தால் பெரிய அரைவட்டமாத் திரும்பிக் கீழ வாங்கோ. நிண்டிட்டால் திரும்பவே கூடாது. உடம்பு முன்னுக்கு, முன் பிரேக்கைப் பிடிச்சு, பிறகு பின் பிரேக்கையும் போட்டு, மேட்டுப்பக்கமா இறங்கி நில்லுங்கோ. பின்னுக்கு உருளத் தொடங்கினால் பின் பிரேக்கை மட்டும் அடிக்கிறதுதான் பெரிய பிழை. பின் சில்லு நிக்கும், முன்பக்கம் எழும்பி வண்டி உங்கட நெஞ்சில வந்து விழும்.

இறங்கேக்க: நேர கீழ. குறுக்கால போகக் கூடாது. இடுப்பு சீற்றின்ர பின்பக்கம், கை நீட்டி, பெருவிரலில மெல்லிய அழுத்தம். முன் பிரேக்கைத் தொடாதேங்கோ. வண்டி ஒரு பக்கம் வழுக்கித் திரும்பப் பாத்தால் பிரேக் வேண்டாம், வழுக்கிற பக்கமே ஹாண்டிலைக் குடுத்துக் கொஞ்சம் அக்சிலரேற்றர். நேராகும்.

தாழ்ந்திட்டால்: சில்லைச் சுத்த விடாதேங்கோ, அக்சில் மணலில முட்டினால் வேலை முடிஞ்சுது. இறங்கி, சில்லுகளுக்கு முன்னால மணலைக் கையால வழிச்சு, இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கி அரையடி பக்கத்தில வையுங்கோ. பின் பம்பரைப் பிடிச்சுத் தூக்க வேணும், சைலன்சரைத் தொடாதேங்கோ.

கடலுக்குக் கிட்ட வெள்ளையா, மட்டமா ஒரு நிலம் வரும். சப்கா. ஓட லேசு போலத் தெரியும். மேல உப்பு ஓடு, கீழ களி. ஆனையிறவில மாரி முடிஞ்சு மேல காஞ்சு கிடக்கிற உப்புவெளியில சைக்கிள் தாழுற மாதிரித்தான் இதுவும் தாழும். வழிகாட்டியின்ர ரயர்த் தடத்தை விட்டு ஒரு முழம் விலகாதேங்கோ. மட்டமான இடத்தில இடைவெளி குறைஞ்சது 20 மீற்றர். மேட்டில, முன்னால போனவர் முகட்டைக் கடந்து ஒதுங்கினாப் பிறகுதான் அடுத்தவர்.

மாங்குளம்_சந்தி

இவ்வளவு காசு குடுத்து அங்க போறதுக்கு, எங்கட பக்கத்திலயே இப்பிடி ஒரு சுற்றுலாவைத் தொடங்கினால் என்ன? மன்னார் மணல்திட்டு, முல்லைத்தீவுக் கரை, ஒட்டுசுட்டான் காடு எண்டு இடம் கிடக்குது. வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்களே வருவினம்.

குமுழமுனை_86

நல்ல யோசனை. முல்லைத்தீவுக் கரையில பின்னேரத்தில நல்லா இருக்கும்.

டோகா_வன்னியான்

கேக்க நல்லா இருக்கு, நடைமுறையில முதல் தடை நிலம். குவாட் எண்டால் பாதையை விட்டு விலகிப் போற வண்டி. வன்னியில பாதையை விட்டு விலகக் கூடாது எண்டது இன்னும் முழுசா நீங்காத விதி. ஹலோ ட்ரஸ்ட், மாக் (MAG) மாதிரி நிறுவனங்கள் 2002 இல இருந்து மிதிவெடி அகற்றினம், முகமாலை மாதிரிப் பெரிய வெளிகளில இன்னும் வேலை நடக்குது. மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில இலங்கை 2017 டிசம்பரில சேர்ந்தது, அகற்றி முடிக்கவேண்டிய நாள் 2028 யூன் 1. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் எண்டு அர்த்தமில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரிச்சு உள்ள கிடந்ததை வெளிய கொண்டுவரும். மாடு மேய்க்கிற, விறகு வெட்டுற ஆக்களுக்கு எந்தத் தடத்தால போறது எண்டு தெரியும். வாடகைக்கு வண்டி எடுத்த ஆளுக்குத் தெரியாது. தாழ்ந்த இடத்தில சுத்திற சில்லு அரையடி தோண்டும்.

மன்னாரில வங்காலை 2008 இல சரணாலயமாக்கின இடம், 2010 இல இருந்து உலகப் பட்டியலில உள்ள ராம்சார் ஈரநிலம். குளிர்காலத்தில பூநாரை வாற நேரமும் சுற்றுலாக்காரர் வாற நேரமும் ஒண்டு. தலைமன்னார்ப் பக்கம் ஆதாம் பாலம் தேசியப் பூங்கா, 2015. மணல்திட்டில படர்ந்து கிடக்கிற அடம்பன் கொடிதான் திட்டைப் பிடிச்சு வைச்சிருக்குது. ஒரே தடத்தில ஒரு பருவம் குவாட் ஓடினால் கொடி அறுந்து, சோளகக் காத்து மணலைப் பின்னால இருக்கிற வளவுகளுக்குள்ள கொண்டுவந்து கொட்டும். பாலைவன மேட்டில செடி இல்லை, தடம் அடுத்த காத்தில மறையும். இங்க மறையாது.

செய்யிறதெண்டால் ஒரு வழிதான் எனக்குச் சரியாப் படுது. கண்ணிவெடி அகற்றி எழுத்தில கையளிச்ச, உறுதி உள்ள தனியார் காணி. அதுக்குள்ள வேலி அடைச்சு, மண் கொட்டி ஓடுபாதை போடுறது. வனத் திணைக்களக் காணி, குளத்து அலைகரை, மேய்ச்சல் தரை மூண்டையும் தொடக்கூடாது.

மாங்குளம்_சந்தி

மேய்ச்சல் தரையை நான் யோசிக்கேல்லை. ஏற்கெனவே மாட்டுக்காரருக்கு இடம் காணாமல்தான் கிடக்குது. ஓடுபாதை எண்டால் எவ்வளவு காணி வேணும்?

பரந்தன்_கராச்

இரண்டு ஏக்கரில நல்ல பயிற்சிப் பாதை போடலாம். பாதை அகலம் 4 மீற்றர், ஒருவழி. வளைவுகளின்ர வெளிப்பக்கம் மரமோ கட்டையோ கொங்கிறீற் தூணோ நிக்கக் கூடாது, பழைய ரயர் அடுக்கலாம். சிவப்பு மண் கோடையில பறக்கும், பவுசரில தண்ணி அடிக்காட்டில் பின்னால வாறவருக்குக் கண் தெரியாது, எயார் ஃபில்ரரும் ஒரு நாளில அடைக்கும். ஃபோம் ஃபில்ரரை ஒவ்வொரு நாளும் கழுவிக் காயவைச்சு ஃபில்ரர் எண்ணெய் பூச வேணும். பெற்றோலில கழுவினால் ஃபோம் ஒட்டின இடம் விட்டுப்போடும், மண்ணெண்ணெயில கழுவிச் சவர்க்காரத் தண்ணியில அலசுங்கோ. வண்டி வாங்கினால் பிரளேக்க ஆளை நசியாமல் காக்கிற வளைவுச் சட்டம் பின்னால பூட்டினதைத் தேடுங்கோ. அவுஸ்திரேலியாவில 2021 ஒக்டோபரில இருந்து விக்கிற புதுத் தோட்டக் குவாட்டுகளில அது கட்டாயம்.

நெடுங்கேணி_ஊரான்

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு. கையெழுத்து வாங்கிற படிவம், கட்டுக்காசு, காப்புறுதி எப்பிடி?

டோகா_வன்னியான்

படிவம் அரபிலயும் ஆங்கிலத்திலயும் இருக்கும். வண்டிக்குச் சேதம் எண்டால் எவ்வளவு வரை நீங்கள் கட்டவேணும் எண்ட வரியைத் தேடி வாசியுங்கோ. தொகை எழுதாமல் "முழுச் செலவு" எண்டிருந்தால் தொகை எழுதித் தரச் சொல்லுங்கோ. ஏற முன்னம் வண்டியின்ர நாலு பக்கமும், மட்கார்டு வெடிப்பு, வளைஞ்ச ஹாண்டில் எல்லாம் தெரிய ஃபோனில வீடியோ எடுங்கோ, கடைக்காரர் பாக்கவே எடுங்கோ. பாஸ்போர்ட்டைக் கட்டுக்காசுக்குப் பதிலாக் குடுக்காதேங்கோ, கொப்பி காணும்.

பயணக் காப்புறுதி கனக்கக் குவாட் பைக்கை விலக்கித்தான் எழுதியிருக்கும். விலக்குகள் எண்ட பக்கத்தில குவாட், ஏரிவி (குவாட்டையும் சேர்த்துச் சொல்லுற பேர்) எண்ட சொல் இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் மேலதிகமாக் கட்டிச் சேர்க்கலாமோ எண்டு விமான ரிக்கெற் எடுக்க முன்னமே கேளுங்கோ.

வழிகாட்டியிட்ட இதுகளைக் கேளுங்கோ: ஒரு வழிகாட்டிக்கு எத்தினை வண்டி? ஆறுக்கு மேல எண்டால் கடைசியில இன்னொருவர் வருவாரோ? சற்றலைற் ஃபோனோ றேடியோவோ இருக்கோ? முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டுவாரோ? குளிர்கால முகாம் காலத்தில சீலைனில கட்டார் அரச மருத்துவ நிறுவனமான ஹமாட் மெடிக்கல் கோர்ப்பரேசன் கிளினிக் நடத்திறது வழமை. அது எந்தெந்த நாள் திறக்கிறது எண்டும் கேளுங்கோ.

வவுனியா_தாதி

படிவத்தில் இரத்த வகை, ஒவ்வாமை எழுத இடம் இருந்தால் விடாமல் எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, மேல்சட்டைப் பைக்குள் வையுங்கள். மகனுக்கும் ஒன்று.